திரையில் ஒரு கூலிக் கணக்கு

நம் குடும்பங்களில் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச்செழும்போது பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கதா?" இக்கேள்வி நியாயமானதே. உடை எப்படி, உரையாடல் எப்படி, காதற் காட்சிகள் வரம்பு மீறுகின்றனவா என்று ஆராய்ந்து, ஆறாம் கட்டளைக்கு ஊறு நேராதபடி காவல் செய்கிறோம். ஆனால் அடுத்து நிற்கும் ஏழாம் கட்டளையைப் பற்றி, அதாவது பிறர் உடைமையையும் உழைப்பையும் களவாடுதல் பற்றி, ஒரு திரைப்படம் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படங்களைப் பற்றி 1936-ஆம் ஆண்டு ஒரு சுற்றுமடல் எழுதினார். இருண்ட கொட்டகையில், உடலும் உள்ளமும் தளர்ந்த நிலையில் அமர்ந்து பார்ப்பவர்களிடம் படம் எளிதில் புகுந்துவிடுகிறது என்று அதில் அவர் சுட்டிக் காட்டினார். இன்று கொட்டகை வீட்டுக்குள் வந்துவிட்டது, கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. அந்த எச்சரிக்கை மட்டும் பழையதாகவில்லை. தளர்ந்த உள்ளத்தில் ஆபாசம் மட்டுமா புகுகிறது? அநீதியைப் பற்றிய பொய்யும் புகுகிறதன்றோ?

அந்தப் பொய் எத்தகையது என்று பார்ப்போம். நாம் வழக்கமாகக் காணும் படங்களில் ஒரு கொடிய முதலாளி வருவார். அவர் உரக்கச் சிரிப்பார். ஏழைகளை அடியாட்களைக் கொண்டு மிதிப்பார். இறுதிக் காட்சியில் கதாநாயகன் அவரை வீழ்த்துவான்; நாம் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். சுரண்டல் என்பது ஒரு கெட்ட மனிதனின் கெட்ட குணம், அவன் ஒழிந்தால் அதுவும் ஒழியும் என்ற பாடத்தை இப்படங்கள் ஓசையின்றிப் புகட்டிவிடுகின்றன. நாம் அந்த வில்லனைப் போலச் சிரிப்பதில்லை, யாரையும் மிதிப்பதுமில்லை. ஆகவே நமக்கும் சுரண்டலுக்கும் தொடர்பில்லை என்ற நிம்மதியோடு உறங்கப் போகிறோம்.

உண்மையில் சுரண்டல் சாட்டையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அது ஒரு வழக்கத்தை நம்பி வாழ்கிறது; ஒரு கணக்குப் பேரேட்டை நம்பி வாழ்கிறது; அனைத்துக்கும் மேலாக, சுரண்டப்படுகிறவனே "இதுதான் முறை" என்று நம்புவதை நம்பி வாழ்கிறது. அவனிடமுள்ள நற்பண்புகளையே அவனைக் கட்டும் கயிறாகத் திரிப்பதுதான் வஞ்சகத்தின் தலையாய வித்தை. இதை உள்ளபடி காட்டிய இரு படங்களை இம்மாதம் நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்கப் படம்; மற்றொன்று தமிழ்ப் படம். இரண்டிலும் திருச்சபையைச் சார்ந்த ஒருவர் வருகிறார் என்பதால், இவை நம்மைத் தனிப்பட்ட முறையில் தொடும் படங்களாகும்.

முதலாவது, எலியா கசான் இயக்கி 1954-இல் வெளிவந்த "ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்". எட்டு ஆஸ்கர் பரிசுகளைப் பெற்ற இப்படத்தை, திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலிலும் காணலாம்.

நியூயார்க், நியூஜெர்சி துறைமுகங்களில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களே கதைமாந்தர். அங்கே நிலையான வேலை எவருக்கும் கிடையாது. நாள்தோறும் ஆட்கள் துறையில் கூடி நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து, விரும்பியவர்களை மட்டும் பொறுக்கியெடுப்பார். நிற்பவர் பலர், வேலையோ சிலருக்கு. கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தர இசைந்தவன் காதில் பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொண்டு அடையாளம் காட்டுவது போன்ற வழக்கங்களும் அங்கே இருந்தன. இது கற்பனையன்று. மால்கம் ஜான்சன் என்ற செய்தியாளர் 1948-இல் "நியூயார்க் சன்" நாளிதழில் 24 கட்டுரைகள் எழுதி இந்த ஊழலை வெளிப்படுத்தினார். அதற்காக 1949-இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

படத்தில் வரும் தொழிற்சங்கத் தலைவன் ஜானி பிரெண்ட்லி, தொழிலாளரின் பெயராலேயே தொழிலாளரைக் கொள்ளையடிக்கிறான். அவனுக்கு எதிராக விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லத் துணிந்த ஓர் இளைஞன் மாடியிலிருந்து தள்ளிக் கொல்லப்படுகிறான். கொன்றவர்கள் யாரென்று எல்லாரும் அறிவர். ஆயினும் எவரும் வாய் திறப்பதில்லை. அச்சம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு: காட்டிக் கொடுப்பது இழிவு, வாய் மூடியிருப்பதே ஆண்மை என்று அவர்கள் உளமார நம்புகிறார்கள். தோழனைக் காட்டிக் கொடாமை உயர்ந்த பண்புதான். ஆனால் அந்தப் பண்பு இங்கே யாருக்குக் காவல் செய்கிறது? தோழனைக் கொன்றவனுக்கன்றோ! வஞ்சகம் இவ்வாறுதான் நற்பண்பின் உடையை உடுத்திக்கொள்கிறது.

அப்பங்கின் குரு பாரி அடிகளார். தொடக்கத்தில் அவரும் எல்லாரையும் போன்றவரே. கொலையுண்டவனின் தங்கை ஈடி, கன்னியர் நடத்தும் கல்லூரியில் பயின்றவள், அவரை ஒரு கேள்வி கேட்கிறாள். தேவைப்பட்டால் ஆலயத்தில் என்னைக் காணலாம் என்று அவர் ஆறுதல் கூறியபோது, ஆலயத்துக்குள் ஒளிந்திருந்த புனிதர் எவரேனும் உண்டா என்று வினவுகிறாள். அக்கேள்வி அவரைத் துறைமுகத்துக்கு இட்டுச் செல்கிறது. தூகன் என்னும் தொழிலாளி சாட்சி சொல்ல முன்வருகிறான். நான் இறுதிவரை உன்னோடு நிற்பேன் என்று அடிகளார் வாக்களிக்கிறார். சில நாட்களில் சரக்குப் பெட்டிகள் "தவறி" விழுந்து அவன் நசுங்கிச் சாகிறான். அடிகளார் தம் வாக்கைக் காக்கிறார். கப்பலின் சரக்கறைக்குள் இறங்கி, பிணத்தின் அருகில் நின்று, கல்வாரி இங்கேதான் இருக்கிறது, ஆள் பொறுக்கும் இடத்தில் கிறிஸ்து உங்களோடு நிற்கிறார் என்ற கருத்தில் பேசுகிறார். மேலிருந்து அவர்மீது பொருள்களை வீசுகிறார்கள், அவர் நகர்வதில்லை.

இப்பாத்திரத்துக்கு மூலமாக இருந்தவர் ஜான் காரிடன் என்ற இயேசு சபைக் குரு. துறைமுகத் தொழிலாளரிடையே பணியாற்றிய அவர் ஆற்றிய உரையைத் தழுவியே அந்தச் சரக்கறைப் பேச்சு எழுதப்பட்டது. 1953-இல் நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் இணைந்து ஓர் ஆணையத்தை நிறுவி, ஆள் பொறுக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்ட வழி செய்தன. அந்த மாற்றத்துக்காக உழைத்தவர்களுள் காரிடன் அடிகளாரும் ஒருவர்.

ஆயினும் இப்படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்தல் தகாது. இயக்குநர் கசான் 1952-இல் அமெரிக்கப் பேராயத்தின் விசாரணைக் குழு முன் தோன்றி, முன்னாள் தோழர்கள் சிலரைப் பொதுவுடைமைக் கட்சியினர் என்று பெயர் குறித்துச் சொன்னவர். கதை எழுதிய பட் சுல்பர்க்கும் அவ்வாறே செய்தவர். சாட்சி சொல்வதைப் போற்றும் இக்கதைக்குள் அவர்களுடைய தன்னியாயமும் கலந்திருப்பதாகப் பலர் கூறியுள்ளனர். இன்னொன்றும் உண்டு. ஊழல் சங்கத் தலைவனைப் படம் விரிவாகக் காட்டுகிறது. அந்த ஏற்பாட்டால் மலிவான உழைப்பைப் பெற்ற கப்பல் நிறுவனங்களையோ ஓரமாகவே நிறுத்திவிடுகிறது. முடிவில், குருதி வழிய நடந்து வரும் நாயகனைப் பின்தொடர்ந்து தொழிலாளர்கள் வேலைக்குச் செல்ல, கதவு இறங்கி மூடிக்கொள்கிறது. கதவுக்கு உட்புறம் கூலி எவ்வளவு என்று படம் சொல்வதில்லை. நல்ல படத்திலும் ஒரு மறைப்பு இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

இனி இரண்டாவது படம். பாலா இயக்கி 2013-இல் வெளிவந்த "பரதேசி". தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய "ரெட் டீ" என்னும் நாவலே இதற்குத் தூண்டுதல். அந்நாவல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் "எரியும் பனிக்காடு" என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது.

விடுதலைக்கு முந்திய காலம். பஞ்சத்தில் வாடும் சிற்றூருக்கு ஒரு கங்காணி வருகிறான். அவன் மிரட்டுவதில்லை, அன்பொழுகப் பேசுகிறான். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலையுண்டு, வீடுண்டு, மருத்துவமுண்டு, கைநிறையக் கூலியுண்டு என்கிறான், முன்பணமும் கொடுக்கிறான். ஊரே மகிழ்ச்சியோடு அவன் பின்னால் புறப்படுகிறது. தண்டோரா போட்டுப் பிழைக்கும் ராசா என்ற வெகுளி இளைஞனும், கருவுற்ற அங்கம்மாவை ஊரில் விட்டு, பணம் சேர்த்து வருவோம் என்ற நம்பிக்கையில் மலையேறுகிறான்.

படத்தின் உயிரான காட்சி கூலிக் கணக்குத் தீர்க்கும் காட்சியாகும். ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கூலி என்று பேரேட்டிலிருந்து படிக்கிறார்கள். பிறகு முன்பணத்துக்கு இவ்வளவு, கடைச் சாமானுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று கழிவு தொடங்குகிறது. முடிவில் கைக்கு வருவது ஒன்றுமில்லை. கடனோ மிஞ்சி நிற்கிறது. ஓடிப்போனவனின் கடனும் எஞ்சியிருப்பவர் தலையில் விழுகிறது. கடனைத் தீர்க்காமல் ஊர் திரும்ப முடியாது.

இங்கே அடியாட்கள் உண்டு. தப்பியோடுகிறவனின் கால் நரம்பை அறுக்கும் கொடுமையும் உண்டு. ஆனால் அம்மக்களைப் பெரிதும் கட்டி வைத்திருப்பது அந்தப் பேரேடுதான். வாங்கிய கடனைத் தீர்க்காமல் போவது மானக்கேடு என்பது நம் எளிய மக்களின் அறம். அமெரிக்கத் துறைமுகத்தில் தோழமை எப்படி விலங்காயிற்றோ, அப்படியே இங்கே நாணயம் விலங்காயிற்று. கடன் நியாயமானதுதானா என்று கேட்க எழுத்தறிவில்லை. எழுத்தறிந்தவனோ கங்காணியின் பக்கம் நிற்கிறான். இறுதியில், புதிதாக மலையேறி வரும் கூட்டத்தில் தன் மனைவியையும் மகனையும் கண்டு ராசா கதறும்போது, வஞ்சகம் ஒரு தலைமுறையோடு நிற்பதன்று என்று உணர்கிறோம்.

இப்படத்தில் நம்மைச் சுடும் பகுதி ஒன்றுண்டு. தோட்டத்தில் கொள்ளைநோய் பரவியபோது ஒரு கிறிஸ்தவ மருத்துவர் வருகிறார். அவரும் அவர் மனைவியும் ஆடிப்பாடி, ரொட்டி கொடுத்து, மதம் மாற்றுவதாகக் காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. நாம் அதைக் கண்டபோது சினந்தோம் என்பதை மறைக்கவில்லை. அச்சினத்துக்குக் காரணமும் உண்டு. மூல நாவலில் வரும் மருத்துவர் தொழிலாளரின் நலனுக்காக நிர்வாகத்தோடு போராடுகிறவர். நாவலாசிரியரும் தம் கண்ணால் கண்ட துயரை உலகுக்குச் சொல்லத் துணிந்தவர். அந்த நேர்மையை நீக்கிவிட்டு ஒரு கேலிச்சித்திரத்தை வைத்தது உண்மைக்கு இழைத்த அநீதியே.

ஆனால் சினம் ஆறிய பின்னர் ஒரு கேள்வி எஞ்சியது. அக்கேலிச்சித்திரம் நம்மை ஏன் அவ்வளவு சுட்டது? ரொட்டி கொடுத்து, மருந்து கொடுத்து, செபம் சொல்லி, பேரேட்டை மட்டும் புரட்டிப் பாராத ஒருவரை அது காட்டியது. அது அந்த மருத்துவரைப் பற்றிய பொய்யாயிருக்கலாம். நம்மைப் பற்றி முழுவதும் பொய்யா? நாம் பசித்தவனுக்கு உணவிடத் தயங்குவதில்லை. அவன் ஏன் பசித்திருக்கிறான், அவன் கூலியைப் பிடித்து வைத்திருப்பவர் யார் என்று கேட்கத்தான் தயங்குகிறோம். பாரி அடிகளார் சரக்கறைக்குள் இறங்கியபோது கையில் ரொட்டி கொண்டுபோகவில்லை. உண்மையைக் கொண்டுபோனார், அதனால்தான் கல்லெறி பட்டார்.

இது புதிய போதனையன்று. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில் இதைத் தெளிவாக்கினார். முதலாளியும் தொழிலாளியும் மனமொத்துப் பேசிய கூலியே ஆயினும், வறுமையாலோ அதைவிடப் பெருந்தீமைக்கு அஞ்சியோ ஒருவன் குறைந்த கூலிக்கு இசைந்தால், அது அவன்மீது செலுத்தப்பட்ட வன்முறையே என்பது அவர் போதனை. "அவன்தானே ஒப்புக்கொண்டான்" என்னும் சாக்குக்கு அன்றே விடை சொல்லப்பட்டுவிட்டது. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணியாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை வாங்குதல் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பேயாகும் எனத் தீர்ப்பளித்தது. பசி செலுத்தும் கட்டாயமும் கட்டாயமே என்று நீதிபதிகள் கண்டனர். முன்பணம் கொடுத்து ஆளை அடிமையாக்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

ஆகவே, இனி ஒரு திரைப்படத்தைக் குடும்பமாகப் பார்த்து முடித்தபின், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்போம். இப்படத்தில் உழைத்தவர் யார், பயனடைந்தவர் யார்? ஏமாற்றப்பட்டவர் எதை நம்பியதால் ஏமாந்தார்? இப்படம் யாரை நமக்குக் காட்டாமல் விட்டது? இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை விளம்பரத்தின் முன்னும், தேர்தல் மேடையின் முன்னும், எளிய தவணைக் கடனின் முன்னும் தளர்ந்த உள்ளத்தோடு அமராது.

நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அதைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை. நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் கூலி எப்போது கடைசியாக உயர்ந்தது? மகளின் திருமணத்துக்கென்று நாம் கொடுத்த முன்பணம் அவரை வேறு வீட்டுக்குப் போகவிடாமல் கட்டி வைத்திருக்கிறதா? அதைக் கடனென்று எழுதினோமா, கயிறென்று எழுதினோமா?

பங்கிலும் கேட்போம். விடியற்காலையில் எழுந்து மணியடித்து, பீடம் ஒழுங்குசெய்து, திருவிழாக் காலத்தில் நள்ளிரவுவரை நிற்கும் கோயிற்பிள்ளையின் மாதச் சம்பளம் என்னவென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பங்குப் பேரவையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால், "இது ஆண்டவருக்குச் செய்யும் சேவைதானே" என்று ஒருவர் சொல்ல, நாமும் தலையசைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவதுண்டு. சேவை உயர்ந்த சொல். ஆனால் அச்சொல்லை இங்கே சொல்கிறவர் யார்? சேவை செய்பவரா, சம்பளம் கொடுக்கவேண்டியவரா? துறைமுகத்தில் தோழமையும், தோட்டத்தில் நாணயமும் என்னவாயினவோ, நம் ஆலய வளாகத்தில் சேவையும் அவ்வாறே ஆகிவிட நாம் இடங்கொடுத்தலாகாது. ஒருவருடைய பக்தியைக் காட்டி அவருடைய கூலியைக் குறைப்பதற்கு இனிய பெயர் எதைச் சூட்டினாலும், அது ஏழாம் கட்டளையின் எல்லைக்குள்தான் வரும்.

பிடித்து வைக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவிகளில் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். கூலிக்காரன் வாய் திறக்காவிட்டாலும் கூலியே பேசும் என்பது எத்துணை அச்சந்தரும் செய்தி! திரையில் பிறர் கணக்கைக் கண்டு கண்ணீர் விட்டோம். அது நல்ல கண்ணீரே. அது உலர்வதற்குள் எழுந்து, வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் நம் சொந்தக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்ப்போமாக. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் கோயிற்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றி யாராவது ஒருவர் பேச்செடுக்க வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போமாக.